பூனா மீனும் பவானி மீனும்

புனேவில் இருக்கிற தமிழனுக்கு வாரக் கடைசியில் பெரிதாக என்ன வேலை? ராஸ்தா பேட்டுக்குப் போய் நல்ல காபித்தூள் வாங்கலாம். சிங்ககட் ஏறி பிட்லா பாக்ரி சாப்பிடலாம். வீட்டம்மாவோடு மாலுக்குப் போய் ஏசியில் நடந்துவிட்டு வரலாம். நான் சில வருஷங்களாகத் தூண்டில் போடுகிறேன். சொன்னால் ஆபீசில் சிரிக்கிறார்கள். ஊரில் சொன்னால் "ஏன், சம்பளம் பத்தலையா?" என்கிறார்கள். :-)

அதுவும் சாதாரணத் தூண்டில் இல்லை. ஃப்ளை ஃபிஷிங். ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். இடுப்பளவு ஓடும் தண்ணீரில் ஒருத்தர் நின்றுகொண்டு, சாட்டை மாதிரி ஒரு கயிற்றை முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருப்பார். பின்னால் மலை, சூரியன், வயலின். நிஜத்தில் வயலின் கிடையாது. கொசு உண்டு.

எங்கப்பா போட்ட தூண்டிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுடையது மூங்கில் குச்சி, நரம்பு, மயில் இறகுத் தண்டில் தக்கை, முள்ளில் மண்புழு. கொஞ்சம் தூரம் போடணும் என்றால் ஈயக்குண்டு. அந்த ஈயத்தின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் முள்ளுக்கு எடையே கிடையாது. கோழி இறகையும் விலங்கு ரோமத்தையும் நூலால் சுற்றி, ஒரு பூச்சி மாதிரியோ குட்டி மீன் மாதிரியோ முள்ளின் மேல் கட்டியிருப்பார்கள். ஊதினால் பறந்துவிடும். அதை எப்படி நாற்பது அடி தள்ளிப் போடுவது? எடை கயிற்றில் இருக்கிறது. தடிமனான, மேலே பூச்சு போட்ட கயிறு. அதைப் பின்னால் வீசி, பின்பக்கம் முழுசாக நீளும் வரை காத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்தக் காத்திருக்கும் அரை நொடிதான் மொத்த வித்தையும். அவசரப்பட்டால் கயிறு உங்கள் காதில் விழும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆன ஒரு மராட்டிக்காரர். எல்லாருக்கும் அவர் காகா. கயிற்றை வீசக் கற்றுக்கொள்ள என்னை மூன்று மாதம் தண்ணீர்ப் பக்கமே விடவில்லை. அவர் குடியிருப்பின் மைதானத்தில், வாட்ச்மேனும் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளும் வேடிக்கை பார்க்க, புல்தரையில் வீசச் சொன்னார். "மீன் எங்கும் போகாது. முதலில் நீ கயிற்றைப் பிடி" என்பார்.

வெள்ளைக்காரர்கள் இதை டிரௌட் மீனுக்காகச் செய்கிறார்கள். டிரௌட்டுக்குச் சில்லென்ற தண்ணீர் வேண்டும். சமவெளி ஆற்றில் பிழைக்காது. அதனால் நம் ஊருக்கு வந்த துரைமார்கள் அதை மலைக்குக் கொண்டுபோனார்கள். நீலகிரியில் 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற டாக்டர் முயன்று பார்த்துத் தோற்றார். பிறகு 1900களின் ஆரம்பத்தில் எச்.சி.வில்சன் என்பவர் முனைந்து, அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்து, வானவில் டிரௌட்டை வளர்த்து ஓடைகளில் விட்டார். அந்த மீனின் பூர்வீகம் அமெரிக்காவின் மேற்குக் கரை. காஷ்மீரில் ஐரோப்பிய பிரௌன் டிரௌட் வந்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான். மூணாறு தோட்டக்காரர்களும் தங்கள் பங்குக்கு விட்டார்கள். ஊருக்குப் போக முடியாதவர்கள் ஊர் மீனையே வரவழைத்துக்கொண்டார்கள். ஐந்து கிலோ ரேஷன் பச்சரிசியையும் அம்மா இடித்த மிளகாய்த்தூளையும் ரயிலில் தூக்கி வரும் நாம் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

புனே பக்கம் டிரௌட் கிடையாது. இங்கே இருப்பது மஹசீர். கெண்டை இனம்தான், ஆனால் கெண்டைகளில் பயில்வான். பெரிய செதில், தடித்த உதடு, பாறைக்கு நடுவே வேகமாக ஓடும் தண்ணீரில் எதிர்நீச்சல். 1873ல் 'தி ராட் இன் இந்தியா' என்று புத்தகம் எழுதிய எச்.எஸ்.தாமஸ், மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஆசாமி. கலெக்டர் வேலை போக மிச்ச நேரம் முழுக்க மஹசீர்தான் போலிருக்கிறது. 1946ல் மைசூர் பக்கம் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 பவுண்டு. கிட்டத்தட்ட 54 கிலோ. என் மனைவி எடை எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்து மஹசீருக்கு அறிவியல் பெயர் டோர் குத்ரீ. வைத்தவர் கர்னல் வில்லியம் ஹென்றி சைக்ஸ். 1824லிருந்து பம்பாய் அரசுக்காகத் தக்காணம் முழுக்கச் சுற்றிப் புள்ளிவிவரம் சேகரித்தவர். ஜனத்தொகை, பயிர், பறவை, மீன் என்று ஒன்றையும் விடவில்லை. 1839ல் இந்த மீனை விவரித்து எழுதினார். இங்கே உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரையே 'குத்ரீ' என்று எழுதிக்கொண்டார். எந்த ஆற்று மீனை வைத்து எழுதினார் தெரியுமா? பூனாவின் முளா முட்டா. ஆமாம், இன்றைக்கு பண்ட் கார்டன் பாலத்தைத் தாண்டும்போது நாம் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறோமே, அதே ஆறு. உலகத்தில் எந்த அருங்காட்சியகத்தில் இந்த மீனைப் பற்றிப் பேசினாலும் அதன் பிறந்த வீடு என்று நம்ம சாக்கடையைத்தான் குறிப்பிடுவார்கள்.

நகரத்துக்குள் அந்த மீனை இப்போது தேடுவதில் பயனில்லை. ஆனால் அது அழியவும் இல்லை. காரணம் லோனாவாலா. நூறு வருஷத்துக்கு முன்னால் டாடா கம்பெனி அங்கே வால்வண், ஷிராவ்டா என்று அணைகளைக் கட்டி, கிழக்கே ஓட வேண்டிய தண்ணீரைத் திருப்பி, மேற்கே கோபோலியில் இறக்கி மின்சாரம் எடுத்தது. 1915ல் தொடங்கியது. அதே வால்வணில் 1970களின் ஆரம்பத்தில் மஹசீர் குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். டாக்டர் சி.வி.குல்கர்னி, எஸ்.என்.ஓகலே என்று இரண்டு பேர். ஏரி மீனைப் பிடித்து, முட்டையையும் விந்தையும் கையால் பிழிந்து கலந்து, குஞ்சு எடுத்துக் காட்டினார்கள். ஈரப் பஞ்சில் முட்டைகளை வைத்து விமானத்தில் அனுப்பினால்கூடப் பிழைக்கும் என்று நிரூபித்தார்கள். அங்கிருந்து லட்சக்கணக்கில் குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின. ஒரு காலத்தில் ஆபத்தில் இருக்கும் இனம் என்று சர்வதேசப் பட்டியலில் இருந்த மீன், இப்போது கவலைப்படத் தேவையில்லாத வரிசைக்கு மாறிவிட்டது. நல்ல கதைதான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் கதை அது.

கற்றுக்கொள்ள ஆரம்பித்து இரண்டாவது வருஷம் எனக்கு முதல் மஹசீர் மாட்டியது. எந்த ஊர், எந்த ஆறு என்று கேட்காதீர்கள். காகா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். ஒன்றரைக் கிலோதான் இருக்கும். ஆனால் கடித்த நொடியில் ராட் வளைந்து, கயிறு ரீலிலிருந்து கத்திக்கொண்டு ஓடியது. கையில் உயிருள்ள கரண்ட். பத்து நிமிஷம் கழித்துப் பக்கத்தில் வந்தது. கையை நனைத்துக்கொண்டு தொடச் சொன்னார் காகா. காய்ந்த கையால் தொட்டால் மீன் மேல் இருக்கும் வழவழப்பு போய்விடும், அப்புறம் நோய் பிடிக்கும். எங்கள் முள்ளில் கொக்கிப் பிசிறு கிடையாது, லேசாகத் திருப்பினால் கழன்றுவிடும். தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கழற்றினோம். துடுப்பு நீலம். புகைமூட்டம் போல ஒரு சாம்பல் நீலம். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து வைத்திருந்தேன். மூச்சு வாங்கியது. வாலை ஒரு தட்டு தட்டிப் போய்விட்டது.

அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் செய்தேன். எங்களூர் கோபி பக்கம். கொடிவேரி அணைக்குக் கீழே பவானி ஆற்றில் தூண்டில் போட்டு வளர்ந்தவர் அவர். ஒன்றும் சொல்லாமல் முழுசாகக் கேட்டார்.

"திரும்ப உட்டுட்டியா?"

"ஆமாங்கப்பா."

"அப்புறம் எதுக்கு சாமி புடிச்சே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னமும் தெரியவில்லை. சாப்பிடாத மீனை வாயில் முள் குத்தி இழுத்து, போட்டோகூட எடுக்காமல் விடுவதற்கு என்ன நியாயம்? காகா சொல்லும் நியாயம், பிடிப்பவன்தான் ஆற்றைக் கவனிப்பான் என்பது. அதில் உண்மை உண்டு. அதற்கு மேல் அழுத்தமான சாட்சி கர்நாடகத்தில் இருக்கிறது. காவிரியில் கலிபோர், பீமேஸ்வரி என்று முகாம்கள் இருந்தன. வெளிநாட்டுக்காரர்கள் வந்து மஹசீர் பிடித்து விட்டுவிட்டுப் போவார்கள். வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இது கூடாது என்று சுமார் 2012ல் நின்றுபோனது. ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார்கள். எந்த நாள், எத்தனை மணி நேரம், எத்தனை மீன், என்ன எடை, எந்த வகை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தக் கலிபோர் நோட்டுகளை, 1998லிருந்து 2012 வரை, எடுத்து ஆராய்ந்தவர்கள் ஏட்ரியன் பிண்டர், கேரளத்தின் ராஜீவ் ராகவன் முதலானோர். 2015ல் கட்டுரைகள் வந்தன. மீன்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஆனால் ஏறியது முழுக்க நீலத் துடுப்பு மீன். காவிரிக்கென்றே ஒரு மஹசீர் இருந்தது. தலைக்குப் பின்னால் திமில் மாதிரி ஒரு மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. உலகத்தில் காவிரியும் அதன் உபநதிகளும் தவிர வேறெங்கும் கிடையாது. அந்த 120 பவுண்டு மாதிரி மலை மீன்கள் எல்லாம் இந்தத் திமில் இனம் என்றுதான் சொல்கிறார்கள். நோட்டுகளில் அது வருஷா வருஷம் குறைந்து, கடைசியில் தேடினாலும் கிடைக்காத நிலைக்கு வந்துவிட்டது.

நீலத் துடுப்பு மீன் காவிரிக்கு எப்படி வந்தது? நாம்தான் அனுப்பினோம். நாம் என்றால் புனே. 1970களிலிருந்து, காவிரியில் மஹசீர் குறைகிறது என்ற நல்ல எண்ணத்தில், லோனாவாலா வழி வந்த குஞ்சுகளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். மஹசீர் என்றால் மஹசீர்தானே என்று நினைத்தார்கள். அப்போது அந்தத் திமில் மீனுக்கு முறையான அறிவியல் பெயர்கூட இல்லை. 2018ல்தான் பிண்டர், ராகவன், சென்னை மார்கஸ் நைட், நம்ம புனே ஐசரில் இருந்த நீலேஷ் தஹானுகர் என்று ஒரு குழு, அது டோர் ரேமாதேவி என்று உறுதிப்படுத்தியது. அந்தப் பெயரில் ஒரு மீனை அதற்குச் சில வருஷம் முன்பே கேரளத்தில் சின்னாறு சரணாலயத்தின் பாம்பாற்றில் கண்டு விவரித்திருந்தார்கள். பாம்பாறு அமராவதியில் சேர்ந்து காவிரிக்கு வருகிற தண்ணீர். ஒரே மீன்தான் என்று அப்புறம் தெரிந்தது. அதே 2018ல் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று அறிவித்தார்கள். பழி முழுவதையும் நீலத் துடுப்பு மேல் போட முடியாது. அணைகள், மணல் அள்ளுவது, வெடி போட்டுப் பிடிப்பது, ஆலைக் கழிவு எல்லாம் சேர்ந்துதான். ஆனால் கஷ்டத்தில் இருந்த வீட்டுக்குள் இன்னொரு குடும்பத்தைக் கொண்டுபோய்க் குடிவைத்தது மாதிரி ஆகிவிட்டது.

அந்தக் குழு திமில் மீனை எங்கே கண்டுபிடித்தது தெரியுமா? மோயாற்றில். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே, பள்ளத்தாக்குக்குள் ஓடி, பவானிசாகர் அணையில் வந்து சேரும் மோயாறு. எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். அதாவது நான் வந்து சேர்ந்த ஊரின் மீன், நான் பிறந்த ஊரின் மீனைக் காவிரியிலிருந்து விரட்டிவிட்டது. மிச்சம் இருப்பவை எங்கள் அணைக்கு மேலே, காட்டுக்குள் ஒளிந்திருக்கின்றன.

உடனே சிலர் இதை வைத்து மனிதர்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். வந்தேறி, மண்ணின் மைந்தன் எல்லாம். வெளியூரில் பிழைக்கிற நமக்கு அந்தப் பேச்சின் வாசனை தெரியும். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. நான் டிக்கெட் எடுத்து, தெரிந்தே புனே வந்தவன். எனக்கு மராட்டி பேச வரும், அவர்களுக்கு என் சாம்பார் பிடிக்கும், என் பெண்ணுக்கு இரண்டு பாஷையிலும் சண்டை போடத் தெரியும். நான் வந்ததால் எந்த மராட்டிக்காரரும் இனம் அழிந்து போகவில்லை. மீனை யாரும் கேட்கவில்லை. பையில் போட்டுக் கட்டி, ஊர் மாற்றி விட்டார்கள். தப்பு மீனுடையது இல்லை, பையைக் கட்டிய நல்லெண்ணத்துடையது.

இதையெல்லாம் நான் உட்கார்ந்து படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வருஷம் அப்பா காலமானார். திதி நெருங்கும்போது சித்தப்பாவுக்கு ஒரு யோசனை. அண்ணன் பேரில் ஆற்றில் மீன் குஞ்சு விடலாம், ஐயாயிரம் குஞ்சு, ஊரே பார்க்கட்டும். அதுவும் சும்மா ரோகு, கட்லா இல்லை, அண்ணன் ஆசைப்பட்ட பெரிய கெண்டை. "நீ பூனாவுலதானே இருக்கறே, அங்கதான் கெடைக்குமாம்ல, நீயே கொண்டாந்துரு." இங்கே ஒரு நண்பரும் ஏற்பாடு செய்து தருகிறேன் என்றார். பணம் ஒரு பிரச்சினை இல்லை. எனக்கும் உள்ளுக்குள் ஆசைதான். அப்பா ஆற்றில் என் ஊர் மீன். சினிமா மாதிரி இருக்கும்.

இரண்டு வாரம் படித்தேன். அப்புறம் சித்தப்பாவுக்கு போன் செய்து வேண்டாம் என்றேன். அவருக்குக் கோபம். காசுக்குக் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அவங்கப்பனுக்கு ஒரு மீன் உட வக்கில்லை" என்று சொன்னதாக அத்தை மூலம் காதுக்கு வந்தது. திதிக்குப் போன அன்றும் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதியோர் இல்லத்தில் சாப்பாடு போட்டோம். அவர் பந்தியில் உட்காராமல் திண்ணையிலேயே இருந்தார்.

சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, செல்போனில் இரண்டு படம் காட்டினேன். ஒன்று நீலத் துடுப்பு. இன்னொன்று திமில் மீன். எது எங்கிருந்து வந்தது, எது எங்கே மிச்சம் இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னேன். இங்கே ராய்கட் மாவட்டத்தில், மஹாட் பக்கம் வாளண் கோண்ட் என்ற இடத்தைப் பற்றியும் சொன்னேன். காள் ஆற்றில் ஒரு மடு. வரதாயினி அம்மன் மீன் என்று கும்பிடுகிறார்கள். யாரும் தூண்டில் போடுவதில்லை, வலை போடுவதில்லை. எங்கிருந்தும் குஞ்சு கொண்டுவந்து விடவில்லை, தொடாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். மஹசீர் பிழைத்துக் கிடக்கிறது.

சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டாவது படத்தையே பார்த்தார். விரலால் பெரிதாக்கச் சொன்னார்.

"இது நாங்க பாத்திருக்கறமே கண்ணு. அணையில தண்ணி தொறந்தா எப்பவாச்சும் ஒண்ணு வரும். வாலு மருதாணி வெச்ச மாதிரி இருக்கும். உங்கப்பன் ஒருக்கா புடிச்சு, தூக்க முடியாம ரெண்டு பேரு தூக்கிட்டு வந்தம்."

"நீல வாலு?"

"அதெல்லாம் பாத்ததில்லை."

ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஞாபகம். விஞ்ஞானிகள் இதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆனால் கலிபோரில் வெள்ளைக்காரர்கள் நோட்டில் எழுதி வைத்தார்கள், நம் ஆட்கள் எழுதி வைக்கவில்லை. இவர்கள் தலையில்தான் இருக்கிறது, அதுவும் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அப்பாவிடம் எத்தனையோ போன் பேசினேன். பெட்ரோல் விலை, பி.பி. மாத்திரை, பேத்தி மார்க். மீனின் வால் என்ன நிறம் என்று கேட்கும் சந்தர்ப்பம் வரவே இல்லை.

அதனால் பவானி, காவிரி, அமராவதி, மோயாற்றுக் கரைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். வீட்டில் தாத்தா, பெரியப்பா யாராவது அந்தக் காலத்தில் ஆற்றில் மீன் பிடித்தவர் இருந்தால், இந்த வாரமே கேளுங்கள். பெரிய செதில் கெண்டை பார்த்திருக்கிறாரா? எந்த ஊர், எந்த வருஷம்? முதுகில் திமில் இருந்ததா? துடுப்பு என்ன நிறம்? அவர் சொல்லும் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதியும் போடுங்கள்.

சித்தப்பா சொன்னதை நான் எழுதி வைத்துவிட்டேன். போன ஞாயிறு அவரே போன் செய்து, அத்தாணிப் பக்கம் இன்னும் ரெண்டு கிழடுகள் இருக்குது, அடுத்த லீவுக்கு வந்தால் கூட்டிப்போறேன் என்றார். தீபாவளிக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வெயிட்டிங் லிஸ்ட் 43.